அடுத்தவர் பதித்த நிலம்

டைல்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, சாந்து குழைக்கிற பதத்தையும் டைல்ஸ் வெட்டுகிற விதத்தையும் நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை. வேலைத்தலத்தில் கொஞ்சக் காலம் நின்றால் கை தானாகப் பழகிவிடும். கை பழகி, ஊரில் பேரும் எடுத்த பிறகு உங்களை வேறொரு காரியத்துக்குக் கூப்பிடுவார்கள். இன்னொருவர் பதித்த நிலத்தைப் பார்த்து, அது சரியா பிழையா என்று சொல்லச் சொல்வார்கள். நான் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். பிழையாகப் பதித்த டைல்ஸைக் கழற்றலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் நடுவில் நின்று அவசரத்தில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. அப்படிக் கூப்பிடப்பட்டுப் போன ஓர் இடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நான் பாண்டிருப்புக்காரன். மருதமுனையிலிருந்து சம்மாந்துறை வரை நிலம் பதித்தே என் காலம் போனது. முழங்கால்கள் இரண்டும் மடங்க மறுத்த பிறகு மேசன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டோடு இருந்தேன். அந்த நாளில் ஒரு பின்னேரம் நற்பிட்டிமுனை மஜீத் காக்கா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நெல் வாங்கி விற்கிறவர். அவருடைய பழைய வீட்டுக்கு நிலம் பதித்தது நான்தான். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு என் மனைவி கொடுத்த தேநீரைக் கையில் பிடித்தபடியே குடிக்காமல் இருந்தார்.

“பாஸ், ஒருக்கா வீட்ட வந்து புதுப் பக்கத்து நிலத்தப் பாத்துச் சொல்லணும்,” என்றார். “வெளிய ஆருக்கும் தெரிய வேணாம்.”

“ஆர் பதிச்ச?”

“அதுதானே சிக்கல். மாப்பிள்ளைட காக்கா.”

விஷயம் இதுதான். முன்வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்தாயிற்று. அவளும் புருசன் பாஹிமும் அதில் இருக்கிறார்கள். இளையவள் றிஸ்னாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை வந்து இருப்பதற்காக வீட்டின் பின்பக்கம் ஒரு ஹோல், ஓர் அறை, பாத்ரூம் என்று புதிதாக இழுத்துக் கட்டியிருந்தார் மஜீத் காக்கா. மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அவருடைய காக்கா நவாஸ், கூடப்பிறந்த மூத்தவர், கத்தாரில் பல வருசம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே டைல்ஸ் பாஸாக, நிலம் பதிக்கிற தேர்ந்த மேசனாக வேலை செய்ததாக ஊரில் பேச்சு. ‘என்ட தம்பி இரிக்கப்போற வீடு, நிலம் நான்தான் பதிப்பன்’ என்று அவராகவே கேட்டு வாங்கி, யாரையும் கூட வைத்துக்கொள்ளாமல், சும்மா பதித்துக் கொடுத்திருக்கிறார்.

“நடந்தா கால்பெருவிரல் இடிக்குது பாஸ். கதிரைய இழுத்தா உள்ளுக்கு வெறும் குடம் மாதிரிச் சத்தம். பாத்ரூம்ல தண்ணி ஊத்தினா ஓட்டைக்குப் போகாம அறைக்குள்ள வருது. இப்ப ஹோல்ல வெடிப்பும் விழுந்திட்டு. மாப்பிள்ளைட உம்மா வந்து பாத்திட்டு, எங்கட மகன் பதிச்ச நிலம் எண்டு தெருவெல்லாம் பெருமையாச் சொல்லித் திரியிறா. உடைச்சா அவங்களுக்கு அவமானம், கலியாணமே நிண்டுரும். உடைக்காட்டி என்ட மகள் அதுக்குள்ள எப்பிடி இரிக்கிற?”

சொல்லி முடித்த பிறகுதான் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

அடுத்த நாள் காலையில் போனேன். பார்வையிடப் போகிற இடத்துக்குச் சுத்தியல் கொண்டு போகாதீர்கள். சுத்தியலோடு வருகிறவன் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறான் என்றே வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். நான் தட்டிப் பார்க்கச் சாவிக்கொத்தை மட்டும் எடுத்துப் போனேன். ஆனால் அங்கே சுத்தியல் எனக்கு முன்னமே வந்து நின்றது. மூத்த மருமகன் பாஹிமின் கையில் இருந்தது அது. பாஹிம் சொந்தமாக லொறி வைத்துக் கிறவல் மண்ணும் மணலும் ஏற்றுகிறவர். கெட்டிக்காரர், எதையும் கெதியாக முடித்துவிட வேண்டும் என்ற ஆள்.

“பாஸ், ஒரேயொரு சொல்லுச் சொல்லுங்க. இது ஒரு வேலையா? நீங்க பிழையெண்டு சொன்னா இப்பவே ரெண்ட உடைச்சுப் போட்டோ எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிடுவன். ஏமாத்தின ஆக்களுக்கு நாம ஏன் வெக்கப்படணும்?”

“மருமகன், கொஞ்சம் பொறுங்க,” என்றார் மஜீத் காக்கா. அவருடைய குரலில் பலம் இல்லை.

நான் ஒரு கதிரை கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஹோலைச் சுற்றி நடந்தேன். கண் தவறவிடுவதைக் கால் பிடிக்கும். ஒரு டைல்ஸ் மற்றதை விட எழும்பி நிற்கிற இடமெல்லாம் பாதத்தில் தெரிந்தது. பிறகு கதிரையை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்து, குனிய முடிந்த அளவு குனிந்து சாவியால் தட்டினேன். ஒவ்வொன்றும் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கட்டிச் சத்தம். இடையில் எல்லாம் உள்ளே வெறுமையான பொள்ளல் சத்தம். சாந்தை முழுதாகப் பரப்பாமல் ஐந்து உருண்டையாக வைத்து அமுக்கியிருக்கிறார்கள் என்று விளங்கியது. வேலை தெரியாதவர்கள் மட்டம் பிடிக்கக் கஷ்டப்படும்போது செய்கிற வேலை அது. அறையிலும் அதே சங்கதி.

ஹோலில் இருந்த வெடிப்பு வேறு கதை சொன்னது. பழைய வீட்டுச் சுவரை ஒட்டி, நூல் பிடித்ததுபோல நேராக ஒரு வரிசை டைல்ஸ் முழுவதையும் பிளந்துகொண்டு போயிருந்தது. சுவரடியில் ஒட்டிய டைல்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே நிலம் இறங்கி, விரல் நுழைகிற இடைவெளி விழுந்திருந்தது. நான் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் வயல். அந்த வயலோரத்துப் பள்ளத்தை நிரப்பித்தான் புதுப் பக்கத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

“காக்கா, இஞ்ச மண் எப்ப கொட்டின?”

“வேலை தொடங்கக்குள்ளதான். மருமகன்தான் லொறியில கொண்டு வந்து கொட்டின. கொட்டின கையோட கொங்கிரீட்டும் போட்டாச்சி. கலியாண அவசரம் பாஸ்.”

பக்கத்தில் நின்ற பாஹிம் தன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

தம்பிமாரே, அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதுதான் ஆபத்தான நேரம். தெரிந்ததை உடனே சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். டைல்ஸ் பதித்தது பிழை என்று சொல்லியிருந்தால் அது உண்மைதான். ஆனால் மண் இறங்கி வெடித்த வெடிப்பும் சேர்ந்து நவாஸின் தலையில் போய் விழுந்திருக்கும். சுத்தியலும் உடனே கீழே இறங்கியிருக்கும். நிரப்பிய மண் பிழை என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். மாமனாருக்கு முன்னால் மூத்த மருமகனுக்கு முகம் போயிருக்கும். ஒரே வளவுக்குள் முன்வீடும் பின்வீடும் காலத்துக்கும் பகையாகியிருக்கும். ஒன்றும் இல்லை என்று மழுப்பியிருந்தால், மாரி மழைக்கு அந்த நிலம் இன்னும் இறங்கி, என் பேச்சைப் பொய்யாக்கியிருக்கும்.

நான் பேசாமல் ஹோலுக்குள் வந்து உட்கார்ந்தேன். அப்போது தேத்தண்ணி கொண்டு வந்தாள் றிஸ்னா. கலியாணப் பெண் அவள். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“பாஸ், நான் ஒண்டு சொல்லட்டா?”

“சொல்லுங்க மகள்.”

“நவாஸ் மச்சானுக்கு இந்த வேலை தெரியா. அவர் பதிக்கக்குள்ள வாசல்ல தேத்தண்ணி வைக்கப் போனன். போன்ல வீடியோ பாத்துப் பாத்துத்தான் பதிச்சிட்டு இரிந்த. என்னக் கண்டதும் போனச் சாரனுக்குள்ள மறைச்சிட்டார். முழங்கால் ரெண்டும் வீங்கி, துணி சுத்தியிருந்த.”

“ஏன் வாப்பாட்டச் சொல்லல்ல?”

“சொன்னா அண்டைக்கே நிப்பாட்டியிருப்பாங்க. அவருக்கு முகம் இல்லாமப் போயிரும். இப்ப அவருக்குத் தெரியாம உடைச்சா அதவிட மோசம். நாளைக்குத் தம்பியப் பாக்க அவர் இந்த வீட்டுக்குத்தானே வருவார். நிலத்தப் பாக்கமாட்டாரா? என்ன செய்யிறதெண்டாலும் அவர வெச்சிச் செய்யுங்க.”

பாஹிம் ஏதோ சொல்ல வந்தார். மஜீத் காக்கா கையைக் காட்டி நிறுத்தினார். மகள் இவ்வளவு காலமும் இதை மனதில் வைத்துக்கொண்டிருந்தாள் என்பதே அவருக்குப் புதிது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனதிலும் இருந்தது அதுதான். “காக்கா, பதிச்ச ஆள் முன்னால நிக்காம நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். அவர வரச் சொல்லுங்க,” என்றேன்.

“அப்ப உங்கள என்னத்துக்குக் கூப்பிட்ட?” என்று கேட்டார் பாஹிம்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல வேண்டும் என்றில்லை.

மஜீத் காக்கா நவாஸுக்குப் போன் எடுத்தார். வந்து இறங்கிய நவாஸ் என்னையும், நடு ஹோலில் கிடந்த கதிரையையும், பாஹிமின் கையில் இருந்த சுத்தியலையும் பார்த்தார். யாரும் ஒன்றும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

“என்ன மாமா, என்ட வேலையச் சோதிக்க ஆள் பிடிச்சிரிக்கீங்களா? கத்தார்ல பெரிய பெரிய ஹோட்டலுக்குப் பதிச்ச ஆள் நான்.”

“அந்த ஹோட்டல் இன்னும் நிக்கிதா?” என்றார் பாஹிம்.

நவாஸ் பாய்ந்தார். மஜீத் காக்கா நடுவில் வந்து விழாத குறை. சத்தம் கேட்டு உள்ளே பெண்கள் அழத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் நல்ல உடம்புக்காரர்கள். ஒருவர் கையில் இரும்பு. நான் உரக்கக் கத்தவில்லை. கத்தினால் மூன்றாவது சத்தமாகத்தான் போயிருக்கும்.

“நவாஸ் தம்பி, எனக்குக் குனிய ஏலா. அந்த வாளிய நிரப்பிட்டுப் பாத்ரூமுக்கு வாங்க. உங்கட உதவி வேணும்,” என்றேன்.

கோபத்தில் இருக்கிறவனிடம் நியாயம் பேசாதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நவாஸ் ஒரு கணம் நின்றார். பிறகு வாளியை எடுத்தார். நானும் அவரும் பாத்ரூமுக்குள் போனதும் கதவைச் சாத்தினேன்.

“ஊத்துங்க,” என்றேன்.

தூரத்து மூலையில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாமல் நின்று, பிறகு ஓட்டையை ஏறிட்டும் பாராமல் கதவுப் பக்கம் நடந்து வந்தது. நவாஸ் ஓடிவந்து, வயலில் உடைந்த வரம்பைக் காலால் அடைக்கிற மாதிரி, வாசலில் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தார். தண்ணீர் பாதத்தைச் சுற்றிக்கொண்டு, சாத்திய கதவுக்குக் கீழால் அறைக்குள் போனது. அவர் காலை எடுக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“அங்க நான் டைல்ஸ் பதிக்கல்ல பாஸ். பெட்டி தூக்கின. பொறகு வெட்டுற மெசினுக்குப் போட்ட. கடைசியா, பதிச்ச டைல்ஸுக்கு இடைவெளி பூசுற வேலை. பதிக்கிற ஆக்கள் வேற. நான் வந்து இறங்கின நாள்ல இருந்து உம்மா எல்லாருக்கும் டைல்ஸ் பாஸ் எண்டுதான் சொன்ன. இல்லையெண்டு சொல்ல எனக்கொரு நேரம் கிடைக்கல்ல. தம்பிக்குக் கலியாணம் பேசக்குள்ளயும் அதச் சொல்லித்தான் பேசின. கண்ணால பாத்துப் பழகின வேலைதானே, செஞ்சிரலாம் எண்டு நினைச்சன்.”

பிறகு, “எல்லாமே பிழையா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்லக் கூடாது. உண்மையைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் முழு உண்மையையும். சுவரோரத்தில் அவர் வெட்டியிருந்த துண்டுகளில் ஒரு பிசிறு இல்லை. குழாய் ஏறுகிற இடங்களில் வட்டம் வெட்டியிருந்த அழகு எனக்கே வராது. இடைவெளிப் பூச்சு, வீடு முழுவதும் ஒரே சீராக, ஒரு பொட்டு வழியாமல் இருந்தது. அதையெல்லாம் சொன்னேன். “பதிச்சது பிழை. தண்ணி ஓடுற வாட்டம் பிழை. வெட்டினதும் பூசினதும் நான் பாத்த வேலைகளில நல்ல வேலை,” என்றேன். “ஹோல்ல விழுந்திரிக்கிற வெடிப்பு உங்கட இல்ல. கீழ மண் இறங்கியிரிக்கி. ஆர் பதிச்சிருந்தாலும் வெடிச்சிரிக்கும்.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் மாறியது.

“மண்ணா? மண் கொட்டினது ஆரு? அவன்தானே! அவனா என்ட வேலைய உடைக்கச் சுத்தியலோட நிக்கிறான்?”

கதவில் கையை வைத்துவிட்டார். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

“தம்பி, அத நான் சொல்றன். நீங்க சொன்னா அது சண்டை. நான் சொன்னா அது வேலை விசயம்.”

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரத்தில் அவர் கையை உதறிக்கொண்டு போயிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அவர் போகவில்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார்.

ஹோலுக்கு வந்தோம். எல்லாரும் நின்றபடியே இருந்தார்கள். அடியில் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். பழைய வீடும் புது வீடும் சேருகிற இடத்தைக் காட்டி, “இஞ்ச பழைய சுவர் அசையாது. புதுப் பக்கம் போட்ட மண் இன்னும் அடங்கல்ல. மாரி மழைக்கு இன்னும் இறங்கும். இந்த வெடிப்பு டைல்ஸ் பதிச்ச ஆள்ட பிழையில்ல. வேலை அவசரப்பட்ட பிழை,” என்றேன். யார் கொட்டிய மண் என்று நான் சொல்லவில்லை. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

பாஹிம் வெடிப்பைப் பார்த்தார். பிறகு சுத்தியலைச் சுவரோரத்தில் சாய்த்து வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

அடுத்து நான் டைல்ஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நவாஸ் மஜீத் காக்காவைப் பார்த்துப் பேசினார்.

“மாமா, பதிச்சதும் சரியில்ல. தண்ணி அறைக்குள்ள வாறது என்ட பிழை. எனக்குப் பதிக்கத் தெரியா. தெரியும் எண்டு சொன்னதுதான் பெரிய பிழை. நானே கழட்டித் தாறன். பதிக்க வேற ஆளப் பிடிங்க.”

மஜீத் காக்காவின் மனைவி கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து, “அந்தப் புள்ளைக்கு முதல்ல குடிக்க எதும் குடுங்க,” என்றார்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. கலியாணத்துக்குச் சில கிழமைகள்தான் இருந்தன. பாத்ரூமை உடனே திருத்தலாம், அது சின்ன இடம். ஆனால் ஹோலிலும் அறையிலும் மாரி கழிந்து மண் அடங்கும் வரை புதிதாக ஒன்றும் பதிக்கக்கூடாது என்றேன். ஹோலில் வெடித்த வரிசையை மட்டும் கழற்றிவிட்டு, அதுவரை வெறும் சீமெந்தாக விட வேண்டும். மஜீத் காக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

“கலியாண வீட்டில, வாற ஆக்களெல்லாம் பாக்க நிலம் கிழிஞ்சி கிடக்கிறதா? தற்காலிகமா புது டைல்ஸ ஒட்டி விடுங்க பாஸ். ஒரு மாசம் நிண்டா போதும்.”

இப்படிக் கேட்கிறவர்களை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். நான் மாட்டேன் என்றேன். “காக்கா, கலியாணம் முடிஞ்ச அடுத்த மாசம் அது திரும்ப வெடிக்கும். அப்ப இந்தப் புள்ளையள் ரெண்டும் அதுக்கு மேல இரிப்பாங்க. அப்ப ஆர்ர பிழையெண்டு திரும்பவும் தேடுவீங்க,” என்றேன்.

“உம்மாட்ட நான் சொல்றன்,” என்றார் நவாஸ்.

சொன்னார். அடுத்த நாள் அந்த அம்மா வந்தார். நானும் அங்கே இருந்தேன். நவாஸ் பாத்ரூமில் உட்கார்ந்து டைல்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார். நன்றாகப் பதித்த டைல்ஸை உடைக்காமல் எடுக்க முடியாது, உங்களுக்குத் தெரியும். அவர் பதித்தவை உளியை நெம்பியதும் முழுசு முழுசாகக் கையோடு வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த ஐந்து உருண்டைகளையும் பார்த்து, சுரண்டிக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாசலில் நின்று நெடுநேரம் மகனைப் பார்த்தார்.

“இதெல்லாம் திரும்பப் பதிக்கலாமா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஓம். ஒண்டும் உடையல்ல.”

மஜீத் காக்காவின் மனைவி பக்கம் திரும்பினார். “மதினி, டைல்ஸ் பாஸ், டைல்ஸ் பாஸ் எண்டு தெருவெல்லாம் சொல்லித் திரிஞ்சது நான்தான். அவன் ஒருநாளும் சொல்லல்ல. இனி இல்லையெண்டும் நானே சொல்லிக்கிறன். கலியாணத்துக்கும் இதுக்கும் என்ன இரிக்கி? நாள் மாறாது.”

சொன்னபடியே செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சொல்லும்போது தன்னைத்தான் திட்டிக்கொண்டாராம், மகனை இல்லை.

பாத்ரூமைப் பதிக்க எனக்குத் தெரிந்த காரைதீவு பாஸ் ஒருவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நவாஸ் அவருக்குச் சாந்து கொண்டு போய்க் கொடுத்தார். வெட்டுகிற வேலை முழுவதும் அவர்தான். கலியாணம் நடந்தது. ஹோலில் பாயும் விரிப்பும் போட்டிருந்தார்கள். வெறும் சீமெந்து வரிசை விரிப்புக்கு வெளியே கொஞ்சம் தெரிந்தது. யாரும் அதைப் பார்த்து ஒன்றும் சொன்னதாக நான் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் குறை சொன்னார்கள்.

மாரியில் மழை கொட்டியது. புதுப் பக்கம் நான் நினைத்ததை விடக் கூடவே இறங்கியது. சீமெந்து வரிசை குறுக்கே பிளந்தது. மழை விட்டு வயல் காய்ந்ததும் மஜீத் காக்கா என்னைக் கூப்பிட்டார்.

நான் போனபோது ஹோலிலும் அறையிலும் டைல்ஸ் எல்லாம் கழற்றப்பட்டுச் சுவரோரமாக அடுக்கியிருந்தது. கொங்கிரீட்டை உடைத்து மண்ணைத் திறந்திருந்தார்கள். காரைதீவு பாஸின் ஆட்களோடு நவாஸும் நின்றார். அந்த மாதங்களில் அவர் அந்த பாஸோடுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், கையாளாக. அவரை டைல்ஸ் பாஸ் என்று கூப்பிட்ட ஆட்கள் தெருவில் கண்டு சிரிப்பதுண்டு. அவர் நின்று பதில் சொல்வதில்லை.

கொஞ்ச நேரத்தில் பாஹிமின் லொறி வந்து நின்றது. மண்ணை இடித்து இறுக்குகிற மெசினை எங்கேயோ கேட்டு வாங்கி ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை என்று மஜீத் காக்கா என் காதில் சொன்னார். என்னோடும் அன்றைக்குப் பிறகு பாஹிம் கதைத்ததில்லை, அன்றும் கதைக்கவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மெசினை இறக்கினார். பாரமான சாமான். ஒரு பக்கத்தைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நவாஸ் போய்ப் பிடித்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தூக்கிவந்து வைத்தார்கள்.

மத்தியானம் வரை ஒருவர் இடித்தார், மற்றவர் கிறவலை அள்ளிப் பரப்பினார். ஒரு சொல் இல்லை. பகல் சாப்பாட்டுக்கு றிஸ்னா முன்வீட்டு ஹோலில் சோறு வைத்தாள். மெனக்கெட்டு ஒரே சஹனில் வைத்திருந்தாள். ஒரே தட்டத்தில் எல்லாரும் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். கீழே உட்கார முடியாத எனக்கு மட்டும் கதிரையும் தனித்தட்டும். அவள் புருசன் ஒரு பக்கம், பாஹிம் ஒரு பக்கம், நவாஸ் ஒரு பக்கம். இறைச்சித் துண்டு ஒன்றைப் பாஹிம் பிய்த்து, சோற்றோடு நவாஸின் பக்கம் தள்ளினார். நவாஸ் அதை எடுத்துச் சாப்பிட்டார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனார்கள். பாஹிம் மெசினைப் பிடித்துக்கொண்டு, இடித்த மண்ணை மிதித்துப் பார்த்தார். பிறகு ஹோஸ் குழாயோடு நின்ற நவாஸைப் பார்த்தார்.

“மச்சான், இதுக்குத் தண்ணி காணுமா? இன்னும் கொஞ்சம் ஊத்திட்டு இடிப்பமா?”

நவாஸ் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அமுக்கிப் பார்த்தார்.

“ஓம்,” என்றார். “ஊத்துவம். இந்த முற அவசரம் இல்லதானே.”